ராஸ் ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கா: எந்த ஆன்டிபாடி வாங்கறது, எந்த வழில பாக்கறது?

"அக்கா, ராஸ் ஆக்டிவேட் ஆகுதான்னு பாக்கணும், நல்ல ஆன்டிபாடியா ஒன்னு சொல்லுங்க"ன்னு இந்த ஒரே மாசத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க, மூணு பேருக்கும் போன்ல தனித்தனியா அரை மணி நேரம் பேசி தொண்டை காஞ்சு போச்சு, அதனால எழுதியே போட்டுடறேன். ராஸ்ங்கறது செல்லை வளரச் சொல்லி சிக்னல் அனுப்புற ஒரு ஸ்விட்ச் புரோட்டீன், ஆன்டிபாடிங்கறது ஒரு குறிப்பிட்ட புரோட்டீனைத் தேடிப் போய் ஒட்டி நமக்கு அடையாளம் காட்டற கருவி. மூணாவதா கேட்ட தம்பி ஏற்கனவே ஒரு பான்-ராஸ் (எல்லா ராஸையும் புடிக்கிற) ஆன்டிபாடி வாங்கி, இஜிஎஃப் (செல்லை வளரத் தூண்டுற புரோட்டீன்) போட்ட செல்லையும் போடாத செல்லையும் வெஸ்டர்ன் (புரோட்டீனை ஜெல்ல சைஸ் வாரியா பிரிச்சு ஆன்டிபாடியால பாக்கறது, ஒரு சாம்பிளுக்கு ஒரு லேன்) ஓட்டி, "ரெண்டு லேன்லயும் ஒரே மாதிரி இருக்கு, என் இஜிஎஃப் செத்துப் போச்சா அக்கா"ன்னு படம் அனுப்பியிருந்தான். பேண்ட் (புரோட்டீன் நிக்கிற கோடு) அழகா இருந்துச்சு, இஜிஎஃப்ல ஒரு குறையும் இல்ல. இஜிஎஃப் போட்டா ராஸோட அளவு ஏறாது, ஆஃப்ல இருந்தது ஆன் ஆகும், அவ்ளோதான். வீட்டுல எத்தனை ஃபேன் மாட்டியிருக்குன்னு எண்ணிட்டு அதுல எத்தனை ஓடுதுன்னு சொல்ல முடியுமா?

ஸ்விட்ச் எப்படி திரும்புது

ராஸ் 21 கிலோடால்டன் இருக்குற சின்ன புரோட்டீன், குவானோசின் பாஸ்பேட்டைப் புடிச்சுக்கிட்டே இருக்கும். இங்க ஒரு தமிழ் சிக்கல் இருக்கு, ட்ரை-பாஸ்பேட்டை சுருக்கினாலும் ஜிடிபி, டை-பாஸ்பேட்டை சுருக்கினாலும் ஜிடிபி, போதாததுக்கு படிக்கிறவங்க நாட்டோட பொருளாதாரம்னு வேற நெனச்சுக்குவாங்க. அதனால மூணு பாஸ்பேட் உள்ளதை "மூணு"ன்னும் ரெண்டு பாஸ்பேட் உள்ளதை "ரெண்டு"ன்னும் எழுதறேன். ராஸ் கையில மூணு இருந்தா ஆன், ரெண்டு இருந்தா ஆஃப்.

ஆன் பண்றவங்க பேரு ஜெஃப், ராஸுக்கு முக்கியமான ஜெஃப் சாஸ் (சமையல் சாஸ் இல்ல). இது மூணைக் கொண்டு வந்து ஊட்டி விடறதில்ல, உள்ள இருக்குற ரெண்டைத் தளர்த்தி விடும், செல்லுக்குள்ள மூணோட அளவு ரெண்டை விட பத்து மடங்கு மாதிரி இருக்கறதால காலி இடத்துல பெரும்பாலும் மூணுதான் வந்து உக்காரும். ஆஃப் பண்றது கேப். ராஸ் தானாவே அந்த மூணாவது பாஸ்பேட்டை வெட்டும்தான், ஆனா ஆமை வேகம், கேப் வந்து கை குடுத்தா ஒரு லட்சம் மடங்கு மாதிரி வேகம் புடிக்கும். நியூரோஃபைப்ரோமின் அப்படி ஒரு கேப்தான், அந்த ஜீன் கெட்டா வர்ற வியாதிதான் நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1. கேன்சர்ல அடிக்கடி பாக்குற 12, 13, 61 இடத்து மியூட்டேஷன் எல்லாம் கேப்பால வெட்ட முடியாம பண்ணிடற சமாச்சாரம்தான். ரோ, ராக், சிடிசி42ன்னு ராஸோட சொந்தக்கார ஸ்விட்ச் குடும்பத்துக்கு கூடுதலா ஜிடிஐன்னு ஒருத்தர் உண்டு, இவரு ஸ்விட்சோட கொழுப்பு வாலை மூடி மெம்பரேன்ல இருந்து கழட்டி சைட்டோசோல்ல (செல்லுக்குள்ள இருக்குற திரவத்துல) உக்கார வெச்சிடுவாரு.

ஆன்டிபாடி வாங்கறவங்களுக்கு இதுல முக்கியமான விஷயம் ஒன்னுதான். ஆனுக்கும் ஆஃபுக்கும் நடுவுல வடிவம் மாறுறது பெரும்பாலும் ரெண்டே லூப்ல, ஸ்விட்ச் 1, ஸ்விட்ச் 2ன்னு பேரு, மத்த இடமெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால உங்க ஆன்டிபாடி வேற எங்கயாவது போய் ஒட்டுதுன்னா அதுக்கு ஆன்-ஆஃப் எதுவும் தெரியாது. லூப்லயே ஒட்டினாலும் தெரிஞ்சிடும்னு இல்ல. 1982ல எலியில எடுத்த ஒய்13-259ன்னு ஒரு பழைய மோனோக்ளோனல் (ஒரே ஒரு இடத்துல மட்டும் ஒட்டுற ஆன்டிபாடி வகை) இருக்கு, அது ஸ்விட்ச் 2 மேல போய் ஒட்டும், ஆனா மூணு, ரெண்டு எதோட இருந்தாலும் ஒட்டும், ஒட்டின பிறகு ஜெஃப்பால ராஸைத் திருப்ப முடியாது. 1985ல அதை ஊசியால நேரா செல்லுக்குள்ள ஏத்திப் பாத்தாங்க, செல் எஸ் ஃபேஸுக்குள்ளயே (டிஎன்ஏவை காப்பி எடுக்குற கட்டம்) போகல. ஸ்விட்ச் மேல செல்லோடேப் ஒட்டின மாதிரி. அருமையான கருவி, ஆனா நம்ம கேள்விக்கு பதில் சொல்லாது.

எதை வெச்சு தேர்ந்தெடுக்கறது

முறைய பாக்கறதுக்கு முன்னாடி உங்க நோட்டுல அஞ்சு விஷயம் எழுதிக்கோங்க. ஒன்னு, உங்களுக்கு வேண்டியது எவ்வளவு ஆன் ஆச்சுங்கற அளவா, இல்ல செல்லோட எந்த மூலையில ஆன் ஆச்சுங்கற இடமா. ரெண்டு, கையில எவ்வளவு செல் இருக்கு, ப்ரைமரி நியூரான் (உடம்புல இருந்து நேரா எடுத்தது) வெச்சிருக்கறவங்களும் சுலபமா பெருகுற எச்இகே செல் வளக்கறவங்களும் ஒன்னு இல்ல. மூணு, எத்தனை சாம்பிள். நாலு, அந்த முறை பொய் சொன்னா அதைக் கண்டுபுடிக்க கன்ட்ரோல் போட முடியுமா, என்னைக் கேட்டா மத்த எல்லாத்தையும் விட இதுக்குத்தான் எடை அதிகம். அஞ்சு, காசு, அதுல கிட்டோட விலை மட்டும் இல்ல, ஆர்டர் போட்டு பார்சல் ஐஸோட வந்து சேர்ற வரைக்கும் ஆகுற வாரங்களும் சேத்தி.

வழி 1: எஃபெக்டர் புல்-டவுன்

இதோட யோசனை எனக்கு ரொம்பப் புடிக்கும். ஆன்ல இருக்குற ராஸை அடையாளம் கண்டுபுடிக்க நாம புதுசா எதுவும் செய்ய வேணாம், செல்லே அதுக்கு ஒன்னு வெச்சிருக்கு, ராஃப்னு ஒரு புரோட்டீன், ஆன் ராஸ்கிட்ட சிக்னல் வாங்கிக்கிற ஆளு (எஃபெக்டர்). ராஃபோட ராஸ்-புடிக்கிற துண்டு (ஆர்பிடி) ஆன் ராஸை இறுக்கிப் புடிக்கும், ஆஃப் ராஸை அதை விட ஆயிரம் மடங்கு மாதிரி லூசாத்தான் புடிக்கும். அந்தத் துண்டை ஜிஎஸ்டியோட (வரி இல்ல, குளூட்டாதயோன்ல ஒட்டுற ஒரு புரோட்டீன்) சேத்து பாக்டீரியால செஞ்சு, குளூட்டாதயோன் பீட்ல (குட்டி குட்டி மணி) ஏத்தி, லைசேட்டோட (உடைச்ச செல்லோட குழம்பு) சுத்த விட்டு, கழுவி, ஜெல்ல ஓட்டி, கடைசியில சாதா பான்-ராஸ் ஆன்டிபாடியால எண்ணுறோம். அடையாளம் காட்டறது ராஃப், ஆன்டிபாடிக்கு எண்ணுற வேலை மட்டும்தான், அதனால ஆன்டிபாடிக்கு ஆன்-ஆஃப் தெரியாதது இங்க ஒரு குறையே இல்ல. ராக், சிடிசி42க்கு பாக்னு ஒரு எஃபெக்டரோட துண்டு, ரோவுக்கு ரோடெகினோட துண்டு, மத்தபடி அதே கதை. 1990களோட நடுவுல வந்த முறை, இன்னும் ஓடுது.

மறைஞ்ச செலவு நேரத்துலயும் பஃபர்லயும் இருக்கு. செல்லை உடைச்ச நொடியில ராஸும் கேப்பும் ஒரே குழம்புல கலந்துடும், நீங்க சென்ட்ரிஃப்யூஜுக்கு வரிசையில நிக்கும்போது ஆன் எல்லாம் ஆஃப் ஆகிட்டே இருக்கும். அதனால எல்லாமே ஐஸ்ல, பஃபர்ல மெக்னீசியம் கண்டிப்பா, ப்ளேட்டை ஒன்னொன்னா உடைச்சு சட்டுனு பீட்ல சேத்துடணும். ஆர்பிடியை லைசிஸ் பஃபர்லயே கலந்து வெக்கறவங்களும் இருக்காங்க, ஆன் ராஸ் வெளிய வந்ததும் ஆர்பிடி போய் மேல உக்காந்துக்கும், கேப் கிட்ட வர முடியாது, நல்ல தந்திரம்.

நான் மொத தடவை செஞ்சப்ப பிரிட்ஜ் கதவுல ரிப்பா பஃபர்னு (செல்லை உடைக்கிற கரைசல்) யாரோ மார்க்கர்ல எழுதி வெச்சிருந்த பாட்டிலை எடுத்து ஊத்திட்டேன். அதுல இடிடிஏ இருந்துச்சு. இடிடிஏ மெக்னீசியத்தைக் கவ்விக்கும், மெக்னீசியம் போனா ராஸ் கையில இருக்குற மூணும் நழுவிடும், அப்புறம் ராஃப் எதைப் புடிக்கும்? சனி ஞாயிறு முழுக்க ஓட்டி, திங்கக்கிழமை ஃபிலிம்ல வெள்ளை வெளேர்னு ஒன்னும் இல்ல, இன்புட் லேன்ல (பீட்ல சேக்காத லைசேட்) மட்டும் ராஸ் ஜம்முனு உக்காந்திருக்கு. பாட்டிலைத் திருப்பிப் பாத்தா பின்னாடி பென்சில்ல சின்னதா "+ இடிடிஏ".

இதே இடிடிஏதான் கன்ட்ரோலுக்கு உதவும்ங்கறது வேடிக்கை. லைசேட்ல ஒரு பங்கை எடுத்து 10 மில்லிமோலார் இடிடிஏ போட்டு ராஸைத் தளர்த்தி, வெட்ட முடியாத மூணு (காமா-எஸ்னு சொல்லுவோம்) 0.1 மில்லிமோலார் சேத்து 30 டிகிரில கால் மணியிலருந்து அரை மணி வெச்சு, 60 மில்லிமோலார் மெக்னீசியம் க்ளோரைடு போட்டு பூட்டிடுங்க, அது பாசிட்டிவ். இன்னொரு பங்குல ரெண்டை 1 மில்லிமோலார் போட்டு அதே மாதிரி செஞ்சா நெகட்டிவ். பாசிட்டிவ் கனமா, நெகட்டிவ் காலியா வந்தாதான் நடுவுல இருக்குற லேனை நம்பணும். நாலாவது விஷயத்துக்கு, அதாவது பொய் சொன்னா கண்டுபுடிக்கறதுக்கு, இந்த அளவுக்கு சுலபமான வழி வேற எதுலயும் இல்ல, அதான் நான் எப்பவும் இங்கயே வந்து நிக்கறேன்.

இன்னும் சில எரிச்சல். ஒரு சாம்பிளுக்கு அரை மில்லிகிராம்லருந்து ஒரு மில்லிகிராம் புரோட்டீன் வேணும். பீட் அதிகமா போட்டா ஆஃப் ஆளுங்களும் ஒட்டிக்குவாங்க, கம்மியா போட்டா ஆன் ஆளுங்க மிச்சமாகி வெளிய போயிடுவாங்க, ஒரு தடவையாவது பீட் அளவை ஏத்தி இறக்கிப் பாத்துடுங்க. ரோடெகின் பீட் சீக்கிரம் கெட்டுப் போகும், போன மாசம் செஞ்சதை வெச்சு ரோ பாக்காதீங்க. 35 கிலோடால்டன் பக்கத்துல தடியா ஒரு பேண்ட் தெரிஞ்சா பயப்படாதீங்க, அது பீட்ல இருந்து வந்த ஜிஎஸ்டி-ஆர்பிடி.

வழி 2: வடிவம் பாக்கும் ஆன்டிபாடி

விளம்பரத்துல பாத்தா இதுதான் சொர்க்கம், "ஆன் ராஸை மட்டும் புடிக்கும்", பீட் வேணாம் பாக்டீரியா வேணாம், செல்லை ஃபிக்ஸ் பண்ணி ஸ்டெயின் பண்ணா போதும்னு. ஜூனியர்ஸ் கேக்கறதும் இதைத்தான்.

இப்படி ஒரு ஆன்டிபாடி செய்யறதே எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. சாதா ராஸை மூணோட எலிக்குப் போட்டா உள்ள போய் வெட்டிட்டு ஆஃப் ஆகிடும், அதனால வெட்ட முடியாத மூணோ மியூட்டன்ட்டோ வேணும். எலியோட ராஸும் நம்ம ராஸும் கிட்டத்தட்ட ஒன்னுதான், எலி அதை அந்நியனாவே பாக்காது. இதெல்லாம் தாண்டி ஒன்னு கெடச்சாலும் வித்தியாசம் ரெண்டு சின்ன லூப்தான். அதனால சாத்தியமே இல்லன்னு சொல்லல, நல்லது இருக்கலாம், ஆனா லேபிள்ல போட்டிருக்கறதை அப்படியே நம்ப இந்த விஷயத்துல எனக்கு மனசு வரல.

2020ல ஜேபிசி (ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி) ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்துச்சு, ஆக்டிவ் ராக்1ஐ மட்டும் புடிக்கும்னு விக்கிற ஒரு ஆன்டிபாடியை கேன்சர் செல்ல சோதிச்சாங்க, இம்யூனோஃபுளோரசன்ஸ்ல (ஆன்டிபாடி ஒட்டின இடத்தை ஒளிர வெச்சு மைக்ரோஸ்கோப்ல பாக்கறது) அது ஆக்டிவ் ராக்கைக் காட்டவே இல்ல, அழகா நார் நாரா ஒளிர்ந்தது விமென்டின், செல்லோட எலும்புக்கூடு மாதிரி இருக்குற நார் புரோட்டீன். விமென்டின் எங்க, ராக் எங்க! அதுக்கு முன்னாடி அந்த ஆன்டிபாடியை வெச்சு எத்தனை பேர் படம் போட்டு முடிவு எழுதியிருப்பாங்கன்னு நெனச்சா வயித்தைக் கலக்குது.

இன்னொரு கண்ணி. இந்த வகை ஆன்டிபாடியை சாதாரண வெஸ்டர்ன்ல போடவே கூடாது. எஸ்டிஎஸ் (சோப்பு மாதிரி) போட்டு கொதிக்க வெச்சா புரோட்டீன் பிரிஞ்சு நூலாகிடும், மூணு, ரெண்டு எல்லாம் கழண்டு போயிருக்கும், வடிவமே இல்லாத இடத்துல வடிவத்தை எங்க தேடும்? அப்படியும் அதை வெஸ்டர்ன்ல போட்டு பேண்ட் வந்துச்சுன்னா அது ஆனா ஆஃபான்னு சொல்லாதுங்கறது மட்டும் நிச்சயம். லைசேட்டைக் கெடுக்காம இம்யூனோப்ரெசிபிட்டேஷன் (ஆன்டிபாடியால புரோட்டீனைப் புடிச்சு இழுக்கறது) பண்ணலாம், அதுக்கு அர்த்தம் இருக்கு. ஆனா அங்கயும் ஒன்னு பாத்துக்கோங்க, ஆன்டிபாடியோட லைட் செயின் (அதோட சின்ன துண்டு) 25 கிலோடால்டன்ல வந்து நிக்கும், ராஸ் 21, ரெண்டும் ஒட்டி உக்காந்து உசுரை வாங்கும், லைட் செயினைப் புடிக்காத செகண்டரியா (முதல் ஆன்டிபாடியைக் காட்டிக் குடுக்குற ரெண்டாவது ஆன்டிபாடி) பாத்து வாங்குங்க.

எப்ப இது சரி? டிஷ்யூவை உடைக்க முடியாது, வழி 4ல வர்ற சென்சார் ஏத்த முடியாது, ஃபிக்ஸ் பண்ண ஸ்லைடுதான் கையில இருக்குங்கறப்ப. அப்பவும் மூணு கன்ட்ரோல் இல்லாம ஒரு படம் கூட எடுக்காதீங்க: எப்பவும் ஆன்ல இருக்குற மியூட்டன்ட் (ராஸ் ஜி12வி, ராக் க்யூ61எல்), ஆன் ஆகவே ஆகாத மியூட்டன்ட் (ராஸ் எஸ்17என், ராக் டி17என்), அப்புறம் அந்த ஜீனையே எடுத்துட்ட செல். ஜீன் இல்லாத செல்லும் ஒளிர்ந்தா ஆன்டிபாடி வயலை (குட்டி பாட்டில்) மூடி வெச்சிட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

வழி 3: ப்ளேட் கிட்

புல்-டவுனையே 96 குழி ப்ளேட்டுக்கு மாத்தினது, ஜி-லிசான்னு வர்றது இந்த வகைதான். குழியில எஃபெக்டர் துண்டு ஒட்டியிருக்கும், லைசேட் ஊத்தி கழுவி ஆன்டிபாடி போட்டு கலர் படிக்கணும், மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், 10லருந்து 50 மைக்ரோகிராம் இருந்தாலே போதும். செல் கம்மியா இருக்கறவங்களுக்கும், பத்து டோஸ் ஆறு டைம்பாயின்ட்னு பெரிய அட்டவணை வெச்சிருக்கறவங்களுக்கும் இதுதான்.

குறை என்னன்னா ஜெல் இல்ல. ஆன்டிபாடி வேற எதையாவது புடிச்சாலும் கலர்தான் வரும், எந்த சைஸ்ல நிக்குதுன்னு கண்ணால பாக்க வழியில்ல. லைசேட் செறிவு குழிக்குக் குழி கொஞ்சம் மாறினா முடிவும் மாறும். அப்புறம் காசு. ஒரு கிட்டுல எல்லா குழியும் தீர்ந்துதுன்னா அடுத்த கிட், பீட் மாதிரி நாமளே செஞ்சு நிரப்பிக்க முடியாது.

வழி 4: ஃப்ரெட் சென்சார்

ஆன்டிபாடியே இல்லாத வழி. ராஸையும் ராஃப் துண்டையும் ரெண்டு கலர் ஒளிரும் புரோட்டீனுக்கு நடுவுல கோத்துடுவாங்க, ராஸ் ஆன் ஆனா மடங்கி ரெண்டு கலரும் கிட்ட வரும், ஒன்னோட ஒளி இன்னொன்னுக்குத் தாவும். 2001ல ஜப்பான்ல மட்சுடா குரூப் ராய்ச்சுன்னு வெளியிட்டது இதுதான். உயிரோட இருக்குற செல்லுல, இடமும் நேரமும் சேத்து பாக்க முடியும். 2006ல ரோஏ சென்சார் வெச்சுப் பாத்தப்ப, செல்லோட பின்பக்கத்து ஆளுன்னு நெனச்சிருந்த ரோ முன்பக்கம் நீளுற விளிம்புலயே ஆன் ஆகுதுன்னு தெரிஞ்சுது, எத்தனை புல்-டவுன் போட்டிருந்தாலும் அது தெரிஞ்சிருக்காது.

ஆனா நல்ல மைக்ரோஸ்கோப், சரியான ஃபில்டர், கலர் கசிவைக் கழிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள், இந்த மூணும் வேணும். சென்சாரை அதிகமா ஏத்தினா ஜெஃப்பும் கேப்பும் அதுலயே மாட்டிக்கும், செல்லோட சொந்த ராஸ் பாவம். ரெண்டு கலரும் டிஎன்ஏல கிட்டத்தட்ட ஒன்னுங்கறதால லென்டிவைரஸ்ல (ஜீனை செல்லுக்குள்ள கொண்டு போற வைரஸ்) போட்டா நடுவுல வெட்டி ஒட்டிக்கிட்டு சென்சாரே உடைஞ்சு போறதும் உண்டு. ஆறு மாசம் இருந்தா இறங்குங்க, ரிவியூவர் ரெண்டு மாசம் குடுத்திருந்தா வேணாம்.

வழி 5: பாஸ்போ-எர்க்கைப் பாத்து யூகிக்கறது

ராஸ் ஆன் ஆனா ராஃப், மெக், எர்க்னு சிக்னல் வரிசையா கீழ இறங்கும், கடைசியில எர்க் மேல பாஸ்பேட் ஏறும், அதான் பாஸ்போ-எர்க். எல்லாரும் செய்யறதுதான், ஆன்டிபாடி அருமையா வேலை செய்யும், எந்த லேப் பிரிட்ஜ்லயும் இருக்கும். இஜிஎஃப் வேலை செய்யுதான்னு பாக்க ஓகே. ராஸ் ஆன்னு எழுத இது பத்தாது. பிராஃப் வி600இ (ராஃப் தானாவே ஆன்ல நிக்கிற மியூட்டேஷன்) இருக்குற மெலனோமா செல்ல எர்க் எகிறும், ராஸ் தூங்கிட்டு இருக்கும். மெக் இன்ஹிபிட்டர் போட்டா பாஸ்போ-எர்க் விழும், ஆனா எர்க் மேல் பக்கமா அனுப்பிட்டிருந்த தடை போனதால ராஸ் பல செல்ல இன்னும் ஆன் ஆகும், ரெண்டும் எதிரெதிர் திசை.

| வழி | என்ன தெரியும் | எவ்வளவு சாம்பிள் | பொய்யைப் புடிக்க முடியுமா | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|
| புல்-டவுன் | அளவு | அரை முதல் 1 மில்லிகிராம் | சுலபம் | கை வேகம், பீட் செய்யற நேரம் |
| வடிவ ஆன்டிபாடி | இடம் | ஒரு ஸ்லைடு | ஜீன் இல்லாத செல் இருந்தா மட்டும் | கன்ட்ரோல் செல் செய்யறது |
| ப்ளேட் கிட் | அளவு | 10–50 மைக்ரோகிராம் | பாதி | தீரத் தீர காசு |
| ஃப்ரெட் | இடம், நேரம் | சில செல் | முடியும், உழைப்பு அதிகம் | மைக்ரோஸ்கோப், மாசக்கணக்கு |
| பாஸ்போ-எர்க் | கீழ நடக்கறது | 20 மைக்ரோகிராம் | கேள்வியே வேற | தப்பான முடிவு |

அப்ப எண்ணுறதுக்கு எந்த ஆன்டிபாடி?

புல்-டவுன்னு முடிவு பண்ணா பான்-ராஸ் மோனோக்ளோனல் ஒன்னு போதும். கே-ராஸ் மட்டும், என்-ராஸ் மட்டும்னு வேணும்னா கவனம், மூணு ராஸும் (கே, என், எச்) முதல் பாதியில அச்சு அசல் ஒன்னு, பெரிய வித்தியாசமெல்லாம் கடைசி வால் பக்கம் 20 சொச்சம் அமினோ ஆசிட்லதான். 2017ல சயின்ஸ் சிக்னலிங்ல கடையில கிடைக்கிற 22 ராஸ் ஆன்டிபாடியை, ராஸே இல்லாத எலி செல்ல ஒரு ராஸை மட்டும் திருப்பிப் போட்டு சோதிச்சாங்க, லேபிள்ல சொன்ன ஆளை மட்டும் புடிச்சது சிலதுதான். வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பரைத் தேடி உங்க க்ளோன் நம்பர் (ஆன்டிபாடியோட அடையாள எண்) இருக்கான்னு பாருங்க. ஒரு வயலோட விலை கொஞ்சநஞ்சம் இல்ல, ஆறு வாரம் காத்திருந்து தப்பான ஆளைப் புடிக்கிறதை வாங்கினா யாருகிட்ட போய் சொல்றது. வந்ததும் 5 மைக்ரோலிட்டரா பிரிச்சு வெச்சிடுங்க, மொத்த வயலையும் தினம் உருக்கி உறைய வெக்காதீங்க.

ஜி12டி மாதிரி மியூட்டேஷன் பாக்குற ஆன்டிபாடி ஆன்-ஆஃப் பாக்கறதில்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கே-ராஸ் ஜி12சிக்கு 2021ல வந்த சோட்டோராசிப் மாதிரி மருந்து போடறவங்களுக்கு ஒரு சின்ன போனஸ்: அந்த மருந்து ஆஃப்ல இருக்குற ராஸ் மேல நிரந்தரமா ஒட்டிக்கும், அதனால சாதா வெஸ்டர்ன்லயே ஒட்டின ராஸ் கொஞ்சம் மேல தள்ளி ஓடும், ஜெல்லை நல்லா நீளமா ஓட்டினா ரெண்டு பேண்டா பிரியும். இங்க மட்டும் புல்-டவுன் இல்லாமலே பாதி பதில் கிடைச்சிடும்.

ரோ பாக்கறவங்களுக்கு தனியா ஒன்னு. மீடியம் மாத்தினா ரோ திரும்பும், ப்ளேட்டை குலுக்கினா திரும்பும், இன்குபேட்டர்ல இருந்து எடுத்துட்டு பக்கத்து டேபிள்ல பேசிட்டு நின்னா திரும்பும். ராஸ் இவ்வளவு தொட்டாச்சிணுங்கி இல்ல. ஜிடிஐ புடிச்சு வெச்சிருக்கறதால மொத்த ரோவுல ஆன் பங்கு ரொம்பக் கம்மி வேற, அதனால இன்புட் பேண்டையும் புல்-டவுன் பேண்டையும் ஒரே எக்ஸ்போஷர்ல பாத்து மனசு உடைஞ்சு போகாதீங்க.

அந்த மூணாவது தம்பிக்கு பான்-ராஸ் ஏற்கனவே கையில இருந்துச்சு, புதுசா எதுவும் வாங்காதன்னு சொன்னேன். பக்கத்து லேப்ல ஆர்பிடி ப்ளாஸ்மிட் வாங்கி, பாக்டீரியா வளத்து, பீட் செஞ்சு, ராத்திரி பூரா பட்டினி போட்ட செல்லுக்கு இஜிஎஃப் போட்டு 0, 2, 5, 15 நிமிஷம் எடுத்திருக்கான். நேத்து ராத்திரி பதினொன்னரைக்கு வாட்ஸாப்ல ஃபிலிமை லைட்டுக்கு நேரா புடிச்சு எடுத்த படம் வந்துச்சு, ஜெல் ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு, அவன் கட்டைவிரல் பாதி மறைச்சிருக்கு. ஆனா காமா-எஸ் லேன் கனம், ரெண்டு போட்ட லேன் காலி, 0ல ஒரு நிழல், 2லயும் 5லயும் தடியா, 15ல இளைச்சுப் போன ஒரு கோடு. கீழ இன்புட் ஆறும் ஒரே மாதிரி.

"அக்கா, இஜிஎஃப் சாகல"ன்னு எழுதியிருந்தான்.